மூன்றாவது புட்டிங்

யூஜினியா முக்காலி மேல் ஏறி நின்று, அடுக்களை உத்தரத்தில் கட்டியிருந்த கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்தாள். மூன்று வருடமாக யாரும் தொடாத முடிச்சு. நகத்துக்கு அகப்படவில்லை. கயிற்றின் நுனியில் பெரிய தேங்காய் அளவுக்கு ஒரு துணி மூட்டை தொங்கியது. பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனால் பிராந்தி வாசனை அடித்தது.

முன்கூடத்தில் அவள் புருஷன் ராஃபேல் வெள்ளைச் சட்டையும் தாடையைச் சுற்றிய கட்டுமாகப் படுத்திருந்தார். காலையில் வேலைச் சங்கு ஊதி முடிந்த சற்று நேரத்தில் மூச்சு நின்றது. இருபத்திரண்டு வருடம் தோட்டத்துப் பெரிய துரையின் பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். இரண்டு மாதமாக நெஞ்சில் சளி கட்டி, பேச்சு குறைந்து, கடைசியில் கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. தோட்டத்துத் தச்சன் பெட்டி செய்துகொண்டிருந்தான். ஆறு மணிக்குக் கம்பி வேலியின் கேட் மூடிவிடும். அதற்குள் கோலசிலாங்கூர் சாலையில் இருக்கும் கல்லறைக்குப் போய், அடக்கம் செய்து, எல்லாரும் திரும்பிவிட வேண்டும்.

மத்தியானம் ராஃபேலின் தங்கை மவுரீன் உலு யாமிலிருந்து பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தாள். அழுது ஓய்ந்ததும் வந்தவர்களுக்கு என்ன கொடுப்பது என்று பார்த்தாள். வீட்டில் ஒன்றும் இல்லை. அரிசியைப் பொதுச் சமையலறையில் ஆக்கி ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்கிற காலம். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று வேகாத அரிசி ஒரு பிடி வைத்திருந்தாலும் பிடித்துக்கொண்டு போவார்கள். சீனி இல்லாத வரக்காப்பிதான் இருந்தது.

"அண்ணி, உத்தரத்துல அண்ணன் கட்டி வச்ச புட்டிங் இருக்கே. அத அறுத்து ஆளுக்கு ஒரு துண்டு குடுத்தா என்ன? அவரு கையால செஞ்சது" என்றாள் மவுரீன்.

யூஜினியாவுக்கும் அது சரியென்று பட்டது. அதனால்தான் இப்போது முக்காலியில் நிற்கிறாள். போன வாரம் காய்ச்சலின் நடுவே ராஃபேல் கண்ணைத் திறந்து, அடுக்களைப் பக்கம் கையைக் காட்டி, அந்த மூட்டையைக் கொண்டுபோய் ஆற்றில் போட்டுவிடச் சொன்னார். மறுநாளும் சொன்னார். சரி சரி என்று தலையாட்டினாளே தவிர அவள் போடவில்லை. மனுஷர் காய்ச்சலில் பிதற்றுகிறார் என்று நினைத்தாள். பஞ்ச காலத்தில் இத்தனை திராட்சையும் கொழுப்புமாகச் செய்ததை யாராவது ஆற்றில் போடுவார்களா?

கிறிஸ்மஸ் புட்டிங் என்பது ராஃபேலுக்குச் சமையலில் ஒரு அயிட்டம் இல்லை, பூசை. அக்டோபர் கடைசியில் துரைசாணி அலமாரியைத் திறந்து சாமான் எடுத்துக் கொடுப்பாள். காய்ந்த திராட்சை, சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல், துருவிய மாட்டுக் கொழுப்பு, ரொட்டித் தூள், கறுப்புச் சீனி, முட்டை, ஜாதிக்காய், பிராந்தி. பிசைந்து ஒரு ராத்திரி ஊற வைப்பார். மறுநாள் துணியை வெந்நீரில் முக்கிப் பிழிந்து, உள்பக்கம் மாவு தூவி, கலவையை அதில் வைத்துக் கட்டுவார். இறுக்கிக் கட்டக் கூடாது, வேகும்போது உப்ப இடம் வேண்டும். எட்டு மணி நேரம் ஆவியில் வேக வேண்டும். அதுவரை பானையில் தண்ணீர் குறையவும் கூடாது, பச்சைத் தண்ணீர் ஊற்றவும் கூடாது. கொதிக்கிற நீரைத்தான் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டு அவ்வப்போது ஒரு கரண்டி பிராந்தி. நாளாக நாளாகத்தான் ருசி என்பார்.

வருடா வருடம் மூன்று செய்வார். இரண்டு பங்களாவுக்கு, ஒன்று துரைசாணியின் அனுமதியோடு வீட்டுக்கு. எட்டு மணி நேரமும் அடுப்பு முன்னால் உட்கார்ந்து தண்ணீர் பார்ப்பது யூஜினியாவின் தம்பி டக்ளஸ். இருபத்துநாலு வயது, பங்களாச் சமையலறையில் அவன்தான் எடுபிடி. தாய் செத்தபின் யூஜினியாதான் அவனுக்குச் சோறு ஊட்டி வளர்த்தாள். உட்கார்ந்த இடத்தில் பாட்டுப் பாடுவான், வேகிற வாசனையை மூக்கால் இழுத்து வயிறு நிறைந்துவிட்டது என்பான்.

மூன்று வருடத்துக்கு முன்பு, டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம், அவனை கேட்டில் பிடித்தார்கள். சைக்கிள் கூடையில் ஒரு புட்டிங் இருந்தது. தோட்டத்திலிருந்து ஒரு ரொட்டித் துண்டுகூட வெளியே போகக் கூடாது என்று சட்டம். அத்தான்தான் கொடுத்தார், டவுன் மாதா கோயிலில் சாமியாருக்குக் கிறிஸ்மஸுக்காகக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார், வீட்டுக்கு என்று செய்ததுதான் இது என்றான் டக்ளஸ். ராஃபேலைக் கேட்டார்கள். தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். தான் செய்தது மூன்று, இரண்டு பங்களாவில் தொங்குகிறது, ஒன்று தன் வீட்டில் தொங்குகிறது, இது நாலாவது என்றார். சாமான்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருடி, தண்ணீர் பார்க்கிற சாக்கில் அவனே நாலாவது ஒன்றை வேக வைத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

மறுநாள் காலையில் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் துரையோடு இந்த அடுக்களைக்கு வந்தார். மூட்டை உத்தரத்தில் தொங்கியது. முந்தின நாள் இரவு யூஜினியா படுத்தபின் ராஃபேல் கொண்டுவந்து கட்டியது. வருடா வருடம் வீட்டுப் பங்கு டிசம்பரில்தான் பங்களாவிலிருந்து வரும் என்பதால் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. இன்ஸ்பெக்டர் கீழே நின்று மோந்து பார்த்தார். கத்தியை எடுத்தவரைத் துரைதான் தடுத்தார். கிறிஸ்மஸுக்கு முன்னால் அவிழ்த்தால் பாழாகிவிடும் என்று சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள். அரிசி மூட்டையைக் குத்திப் பார்க்கிறவர்களுக்குப் புட்டிங் மேல் அவ்வளவு மரியாதை. பிறகு இன்ஸ்பெக்டர் யூஜினியாவைக் கேட்டார். அவள் வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்து, எங்கள் வீட்டுப் புட்டிங் இதோ இருக்கிறது என்று சத்தியம் செய்தாள். பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் துளியும் தோன்றவில்லை. கண்ணெதிரே தொங்குகிறதே.

டக்ளஸை லோரியில் ஏற்றும்போது அவன் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான்.

"அக்கா, அத அவுத்துப் பாருக்கா."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வளர்த்த கைக்குத் திருட்டுப் பட்டம் வாங்கிக் கொடுத்தவன் என்ற ஆத்திரம் அவளுக்கு. எட்டு மாதம் முகாமில் அடைத்து வைத்துவிட்டு, பிறந்ததிலிருந்து பார்த்தறியாத நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏற்றினார்கள். அங்கிருந்து இரண்டு கடிதம் வந்தது. இரண்டையும் பிரிக்காமல் அடுப்பில் போட்டாள். மூன்றாவது வரவில்லை.

அந்தக் கிறிஸ்மஸுக்குப் புட்டிங்கை அறுக்கவில்லை. வீட்டுக்கு வந்த அவமானத்தில் எப்படித் தொண்டையில் இறங்கும் என்றார் ராஃபேல். அடுத்த கிறிஸ்மஸுக்கு, இன்னும் பழசாகட்டும் என்றார். இன்ஸ்பெக்டரே பார்த்துவிட்டுப் போனது என்பதால் சோதனைக்கு வருகிறவர்கள் அதைத் தொடுவதில்லை. மாதம் ஒரு கரண்டி பிராந்தி ஊற்றினார். படுக்கையில் விழுந்தபின் அந்தக் கரண்டியை யூஜினியா ஊற்றினாள்.

முடிச்சு விட்டுக்கொடுத்தது. மூட்டை கைக்கு எதிர்பார்த்ததைவிடக் கனமாக இறங்கியது. அதைப் பலகையில் வைத்து, துணியின் மடிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்பக்கம் மாவு காய்ந்து பொருக்காக ஒட்டியிருந்தது. கொழுப்பும் கறுப்புச் சீனிப் பாகும் சேர்ந்த பளபளப்பான பூச்சு மேலே ஒரு விரல் கனத்துக்கு இருந்தது. கத்தியை வைத்து அழுத்தினாள். இறங்கவில்லை. இன்னும் அழுத்தினாள். நடுவே பிளந்து இரண்டாக உட்கார்ந்தது.

களிமண். தோட்டத்து வாய்க்காலில் தோண்டுகிற சாம்பல் நிறக் களிமண், காய்ந்து இறுகியிருந்தது. பிளவில் சுண்டுவிரல் நகம் போல ஒரு நத்தை ஓடு தெரிந்தது.

யூஜினியாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. திராட்சையைத் தேடுகிறவள் மாதிரி ஒரு கட்டியை எடுத்து உடைத்தாள். அதற்குள்ளும் மண். பிறகு எல்லாம் ஒரே சமயத்தில் புரிந்தது. சைக்கிள் கூடையில் போனதுதான் மூன்றாவது. தம்பி சொன்னது அத்தனையும் நிஜம். வேலை போய்விடும், ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்கும் என்று பயந்து, அன்று சாயங்காலமே இந்த மனுஷர் வாய்க்கால் கரையில் குந்தி உட்கார்ந்து மண் எடுத்திருக்கிறார். நல்ல சமையல்காரர் அல்லவா, துணியை வெந்நீரில் முக்கி மாவு தூவ மறக்கவில்லை. உப்புவதற்கு இடம்கூட விட்டுக் கட்டியிருக்கிறார். பயந்துபோய் ஒரு பொய் சொல்லியிருந்தால்கூட அவள் என்றாவது ஆறியிருப்பாள். மூன்று வருடம், மாதா மாதம், அவள் பார்க்கப் பார்க்க அந்த மண்ணுக்குப் பிராந்தி ஊற்றினாரே. அவளையும் ஊற்ற விட்டாரே. வேதப் புத்தகத்தின் மேல் வைத்தது அவளுடைய கை.

அழுகை வரவில்லை. கட்டிகளை ஒன்று விடாமல் பொறுக்கித் துணியில் வைத்துத் திரும்பவும் கட்டினாள்.

மவுரீன் தட்டோடு வந்து நின்றாள்.

"கெட்டுப் போச்சு" என்றாள் யூஜினியா.

"பிராந்தி ஊத்தி வச்சது கெடாதே அண்ணி."

"கட்டுன அன்னைக்கே கெட்டுப் போச்சு."

காப்பியை மட்டும் கொடுத்தார்கள். யூஜினியா முன்கூடத்தில் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். மூட்டை அவள் மடியில் இருந்தது. பெண்கள் ராஃபேலின் நல்ல குணங்களைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். ஒரு வார்த்தை யாரையும் கடிந்து பேசமாட்டார், ஒரு பொருளுக்கு ஆசைப்படமாட்டார் என்றார்கள். கட்டிப் பிடித்து அழுதால் பாரம் குறையும் என்று ஒருத்தி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். யூஜினியா புருஷனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உலுக்கி எழுப்பிக் கேட்க வேண்டும் போலிருந்தது. இந்த மனுஷர் ஒரு நாள், ஒரே ஒரு நாள் முன்னால் அகப்பட்டிருந்தால் போதும். எதற்கும் பதில் சொல்ல வேண்டாத இடத்துக்கு நல்ல பிள்ளையாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நாலு மணிக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். கேட்டில் மலாய்க் காவல்காரர் நிறுத்தினார். சங்கடப்பட்டுக்கொண்டே மூடியைத் திறக்கச் சொல்லி, ராஃபேலின் இரண்டு பக்கமும் தலையணைக்கு அடியிலும் கைவிட்டுத் தடவினார். உணவு ஒன்றும் இல்லை. பிறகு யூஜினியாவின் கையிலிருந்த மூட்டையைக் காட்டி என்னவென்று கேட்டார். மண் என்றாள். அவர் நம்பவில்லை. வாங்கி அவிழ்த்தார், ஒரு கட்டியை நசுக்கப் பார்த்தார், மோந்து பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். மூன்று வருடத்துக்கு முன்னால் இவரை அடுக்களைக்கு அனுப்பியிருந்தால் தம்பி இங்கே இருந்திருப்பான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். காவல்காரர் மூட்டையைத் திருப்பிக் கொடுத்துப் போகச் சொன்னார்.

கல்லறையில் உபதேசியார் அந்தோணிதாஸ் அவசரமாக ஜெபத்தை முடித்தார். பெட்டி இறங்கியது. முதல் பிடி மண் பெண்சாதி போட வேண்டும். மவுரீன் குனிந்து குழியோரத்து மண்ணில் ஒரு பிடி அள்ளி அவளிடம் நீட்டினாள். யூஜினியா அதை வாங்கவில்லை. மூட்டையை அவிழ்த்து, துணியின் இரண்டு முனையைப் பிடித்து, குழிக்குமேல் கவிழ்த்தாள். கட்டிகள் பெட்டி மூடியில் கடகடவென்று விழுந்தன. பிராந்தி வாசனை மேலே வந்தது. சுற்றி நின்ற தோட்டத்து ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"என்ன அண்ணி இது?" என்றாள் மவுரீன்.

"மூணாவது புட்டிங்" என்றாள் யூஜினியா. எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள். "எந்தம்பி திருடல. இவரு குடுத்தத கொண்டுபோனான். நாந்தான் அவுத்துப் பாக்கல."

அந்தோணிதாஸ் ஜெபப் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மவுரீன் தன் கையில் இருந்த மண்ணை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுக் குழிக்குள் போட்டாள். வெட்டியான் மண்வெட்டியை எடுத்தான்.

யூஜினியா துணியை உதறினாள். அவளுடைய பழைய படுக்கை விரிப்பில் கிழித்து, ஓரம் தைத்தது அது. புட்டிங் கட்டுவதற்கு முன் டக்ளஸ்தான் சோப்புப் போட்டுத் துவைத்துக் கொதிக்க வைப்பான். அதை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மற்றவர்களுக்கு முன்னால் நடந்தாள். கேட் மூட இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.