விழுவதற்கு ஒரு கதிரை

1

இந்தக் கதை 'அங்கிள்' என்ற ஒரு சொல்லிலிருந்து வந்தது. வெளிநாட்டில், கிரவீன் என்ற புறநகரில் ஜெயதீபனோடு ஒரே வீட்டில் இருக்கும் அருந்தவன் அவருக்கு நடந்ததைப் பகிடியாகத்தான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் வந்தது.

[முதல் வரைவு 'கடல் கறுத்துக் கிடந்த' என்று தொடங்கியது. அதோடு விட்டுவிட்டேன். படகில் அகதியாக வந்த கதை வேண்டுமானால் வேறு இடம் பாருங்கள்.]

2

ஜெயதீபன் வவுனியாவை விட்டு வெளிக்கிட்டபோது மகள் துவாரகாவுக்கு மூன்று வயது. இப்போது பதினாறு. பிரிட்ஜிங் விசா என்ற தற்காலிக அனுமதியில் இருப்பவர் ஊருக்குப் போனால் திரும்ப வர முடியாது. குடும்பத்தை இங்கே கூப்பிடவும் முடியாது. சனிக்கிழமை மத்தியானங்களில் வீடியோ அழைப்பு, அவ்வளவுதான்.

போன மாதம் அவள், "சரி அங்கிள், வைக்கிறன்" என்றாள். வெளிநாட்டிலிருந்து பேசும் ஆண்கள் எல்லாருமே அவளுக்கு அங்கிள்தான். வாய் தவறியது அவளுக்குத் தெரியவும் இல்லை.

3

முன்பு ஊரில் நத்தார்ப் பண்டிகைக்குத் தொலைக்காட்சியில் பழைய கறுப்பு வெள்ளை ஆங்கில நிகழ்ச்சிகள் போடுவார்கள். பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் நடுவே இரண்டு கோமாளிகள். ஒருவன் பலகையைத் தோளில் வைத்துத் திரும்புவான், மற்றவன் அடிபட்டு விழுவான். ஜெயதீபனின் மடியில் கிடந்து குழந்தை விக்கல் எடுக்கும்வரை சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அவருக்கு வேண்டும். அப்படிச் சிரிக்கிறவள் அங்கிள் என்று சொல்லமாட்டாள் என்று ஏனோ நம்பினார். யூடியூப்பில் அதே மாதிரி நிகழ்ச்சிகளைத் தேடிப் படித்தார். ஆம், படித்தார். நான் பட்டத்துக்குக்கூட அப்படிப் படித்ததில்லை.

"பார் தம்பி, கையை ஊண்டவே இல்லை. விழுந்திட்டுக் கதிரையை முறைக்கிறான், ஏதோ அதுதான் பிழை விட்ட மாதிரி."

"அண்ணை, உங்கட இடுப்புக்கு நாப்பத்தெட்டு வயசு. அது டிவி பாக்கிறேல்லை" என்றான் அருந்தவன்.

4

இரண்டு சனிக்கிழமைகள் திட்டம் போட்டு விழுந்தார்.

"நொந்துபோச்சோ?" என்றாள் துவாரகா, மரியாதையாக. "கவனமா இருங்கோ."

[அவளைக் கல்நெஞ்சக்காரியாக எழுதப் பார்த்தேன். பிறகு யோசித்தேன்: நேரில் பார்த்த நினைவே இல்லாத ஒருவர் திரையில் குட்டிக்கரணம் போட்டால் நீங்கள் சிரிப்பீர்களா?]

5

மூன்றாவது சனிக்கிழமை திட்டம் ஏதும் இல்லை. தரை துடைக்க அருந்தவன் கதிரையை நகர்த்தியிருந்தான். போனைப் பார்த்தபடியே ஜெயதீபன் வெறுங்காற்றில் உட்கார்ந்தார். கையை ஊன்றினார். மணிக்கட்டில் ஏதோ முறிந்த சத்தம். வலியில் முகம் கோணியபடி அவர் திரும்பிக் கதிரையைப் பார்த்தார்.

அவள் சிரித்தாள். மூக்கால் காற்று வர, போன் கையிலிருந்து நழுவும் அளவுக்கு.

6

ஒரு முடிவில் அருந்தவன் அவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறான். இன்னொன்றில் விசா வருகி

வேண்டாம். அதை எழுத எனக்குக் கை வராது.

எனக்குத் தெரிந்தது இதுதான். வலக்கை வீங்கத் தொடங்கியிருந்தது. அவர் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, இடக்கையால் கதிரையை இழுத்து வைத்தார். திரையில் அவள் கண்ணைத் துடைத்தாள்.

"இன்னொருக்கா விழுங்கோ, ______."

கடைசிச் சொல் அருந்தவனுக்குக் கேட்கவில்லையாம். கார்ச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தானாம். ஜெயதீபனிடம் கேட்க எனக்குத் துணிவில்லை. ஒரு சொல்தான், நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அவர் மறுபடியும் விழுந்தார். அது மட்டும் எனக்குத் தெரியும்.