அவுரிக்குக் கீழே நின்றவன்

ஐம்பத்தாறாம் ஆண்டு மாசி மாதம். மரண விசாரணைக்கு வந்த செல்லத்தம்பி ஐயா, சாய்ந்தமருது வீட்டு முற்றத்தில் கதிரையில் உட்கார்ந்து பேனையைத் திறந்ததிலிருந்து காலிதீனுக்கு ஒரே பயம்தான். கட்டு இளகியதைக் கண்டாயா என்று மட்டும் இந்த மனிதர் கேட்டுவிடக் கூடாது. உள்ளே தங்கச்சி புருஷன் முத்தலிப்பின் ஜனாஸா காத்துக் கிடந்தது. இவர் எழுதி முடித்தால்தான் அடக்கம்.

"எதிலயிருந்து விழுந்தவர்?"

"அவுரியில இருந்து, ஐயா."

"அதென்ன?"

மூன்று நீளத் தடிகளை உச்சியில் கயிற்றால் கட்டி, கால்களை அகட்டி நிறுத்தி, மேலே ஒருவன் ஏறி நின்று நெல் தூற்றுவது. காலிதீன் கையால் காட்டிக் காட்டிச் சொன்னான்.

"அப்ப முக்காலி," என்று ஐயா எழுதப் போனார்.

"அப்படி எழுதாதீங்க ஐயா. குந்தியிருக்கிற சாமான்ல இருந்து விழுந்து மவுத்தானாரெண்டு ஊர் சிரிக்கும். இது ஆள் உயரத்துக்கும் மேல."

ஐயாவுக்குச் சொற்கள் மீது ஒரு சபலம் உண்டு. "அவுரி எண்டா என்ன கருத்து? எங்கயிருந்து வந்த சொல்லு?"

ஜனாஸாவை உள்ளே வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் பேச்சு வேறு பக்கம் போனதில் காலிதீனுக்கு நிம்மதி. மளமளவென்று சொன்னான்.

"கருத்து எங்களுக்கும் தெரியா ஐயா. நெல்லடிச்சுத் தூத்துற களவெட்டிக்குள்ள வெளிப்பேச்சுக் கதைக்கப்படாது. கதைச்சா பூதத்துக்கு விளங்கிரும், நெல்ல அள்ளிட்டுப் போயிரும். அதுக்கு விளங்காம இரிக்கத்தான் பழைய ஆக்கள் இந்தப் பேரெல்லாம் வெச்சதெண்டு வாப்பா சொல்லுவார். நெல்லெண்டும் சொல்லமாட்டம், பொலி எண்டுதான். பொலி அளந்து முடியுமட்டும் அறுது, விழுது எண்டெல்லாம் வாயே திறக்க ஏலா."

சொன்ன பிறகுதான் தன் வாயே தன்னைக் காட்டிக்கொடுத்தது உறைத்தது. ஐயாவின் பேனை நின்றுவிட்டது.

"கட்டு இளகினதக் கண்டீரா?"

பொய் சொல்ல நா எழவில்லை. உள்ளே கிடப்பவன் பத்து வருடம் அவனோடு ஒரே சஹன் தட்டில் சோறு தின்றவன்.

"ஓம் ஐயா. கயிறு புரி புரியா விட்டுக்கொண்டு வந்த."

"ஏன் சத்தம் போடல்ல?"

"பொலி இன்னும் அளக்கல்ல. அதக் களவெட்டிப் பேச்சில எப்படிச் சொல்லுறதெண்டு யோசிச்சன். அதுக்குள்ள..."

அதற்குள் முத்தலிப் சுளகோடு சரிந்து, கட்டாந்தரையில் பிடரி அடிபட விழுந்துவிட்டான். பொலியில் ஒரு மணிகூடக் குறையவில்லை.

ஐயா குனிந்து எழுதினார். சீலை மறைப்புக்குப் பின்னால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த தங்கச்சி ஹாஜறாவின் குரல் வந்தது. அதில் அழுகை இல்லை. அதுதான் கொடுமை.

"மச்சான் எண்டு கூப்பிட்டிருக்கலாமே காக்கா. அதுக்குமா தடை?"

அன்று காலை முழுவதும் களவெட்டியில் காலிதீன் முத்தலிப்பை அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.