விடைக்குறிப்பில் இல்லாத விடை

விடைத்தாள் திருத்தும் அறையில் பன்னிரண்டு ஆசிரியர்கள் அடைந்து கிடந்தார்கள். வேலை முடியும்வரை யாரும் வெளியே போக முடியாது. செல்போன்களைக் காலையிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள்.

கடைசி விடைத்தாள் கட்டைத் திருத்தும்போது ஒரு கணக்கு டீச்சரின் கை நின்றது. 6x + 18-க்குச் சமமான ஒரு கோவையை எழுதச் சொன்ன கேள்விக்கு ஒரு மாணவி 3(2x + 6) என்று எழுதியிருந்தாள். விடைக்குறிப்பில் 6(x + 3) மட்டும்தான் இருந்தது.

டீச்சர் தாளை மேற்பார்வையாளரிடம் கொண்டுபோனாள். “சார், இதுவும் சரிதானே? பெருக்கிப் பார்த்தா அதேதான் வருது.”

“எனக்குத் தெரியாதா டீச்சர்? இதுக்கு மார்க் போட்டா எல்லாக் கட்டையும் மறுபடி அவிழ்க்கணும்.”

“அம்மா தாயே, ஒரு மார்க்தானே, விட்டுடுங்க,” என்றார் பையைத் தோளில் மாட்டிவிட்ட ஒருவர். “என் பொண்ணு ஸ்கூல் வாசல்ல தனியா நிக்கிறா.”

டீச்சர் தான் திருத்திக் கட்டி வைத்த கட்டுகளைத் திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து இப்படி எத்தனை விடைகளை அடித்தோம் என்று அவளுக்கே நினைவில்லை.

“அவிழ்த்துடலாம் சார்.”

மேற்பார்வையாளர் பெருமூச்சோடு தலையசைத்தார். கட்டுகள் மறுபடி மேசைக்கு வந்தன. அதன்பின் அவளோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளுடைய முதல் கட்டிலேயே, அவளே சிவப்பு மையால் அடித்த சரியான விடைகள் மூன்று இருந்தன.