ஜகுடியின் பூர்வீகம்

கலைக்களஞ்சிய அலுவலகத்தில் துணையாசிரியைக்கு ஒரே கொள்கைதான். சொல்லுக்கு அர்த்தம் வேண்டுமென்றால் அகராதியைப் புரட்டிக்கொள்ளட்டும். கலைக்களஞ்சியம் உலகத்தில் உள்ள விஷயங்களுக்கு. இந்தக் கொள்கையை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டு புதிய பதிப்பில் 'ஜ' வரைக்கும் வந்துவிட்டாள். வம்பு அங்கேதான் காத்திருந்தது.

வம்பைக் கொண்டுவந்தவர் சினிமாப் பகுதியைக் கவனிக்கும் உதவியாசிரியர். எந்தக் கூட்டமானாலும் பாதியில் எழுந்து டீக்குப் போய்விடுவதால் அவருக்கு 'இடைவேளை' என்று பெயர். அவர் நீட்டிய தாளில் 'ஜகுடி' என்றிருந்தது.

நாலு வருடத்துக்கு முன் சக்கைபோடு போட்ட படம் ஒன்றில், கேட்டில் சாய்ந்து குறட்டை விடும் காவலாளியை முதலாளி உலுக்குவார். அவன் கண்ணைத் திறக்காமலே, "தூங்கல முதலாளி, ஜகுடில இருக்கேன்" என்பான். அந்த வார்த்தை தியேட்டரை விட்டு இறங்கி ஊரெல்லாம் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

"ஜனநாயகத்துக்கு முன்னால ஜகுடியா?" என்றாள் துணையாசிரியை.

"எழுத்து வரிசை மேடம். நான் என்ன பண்ண?"

"இன்னும் ரெண்டு வருஷத்துல இந்த வார்த்தை இருந்த இடம் தெரியாது."

"டைனோசரும்தான் இல்ல. அதுக்கு மூணு பக்கம் குடுத்திருக்கோம்."

இரண்டு பேரையும் பார்த்துச் சலித்துப்போன முதன்மையாசிரியர், "வேண்டாம்னா ஏன் வேண்டாம்னு திங்கக்கிழமை வந்து சொல்லுங்கம்மா" என்று கூட்டத்தை முடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் சாப்பாட்டு மேசையில் காரணங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, சமையலறையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"பாலை ஜகுடில வச்சிருக்கேன். யாரும் கை வைக்காதீங்க."

அவள் பேனா நின்றது. மாமியார் சினிமா பார்ப்பவரே இல்லை. தொலைக்காட்சியில் பாட்டு வந்தால்கூட எழுந்து போய்விடுவார்.

"என்னது அத்தை? எதுல வச்சிருக்கீங்க?"

"ஜகுடிம்மா. அடுப்பு எரியும், ஆனா பொங்காது."

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கணவன் தலையை நீட்டினான். "தப்பும்மா. ஜகுடின்னா வேலை நடக்கிற மாதிரி இருக்கும், நடக்காது. நம்ம வண்டி மெக்கானிக் ஷெட்ல கிடக்கே, அதான் ஜகுடி."

"நீ எனக்குச் சொல்லித்தரியா? எங்கம்மா காலத்துலேருந்து சொல்ற வார்த்தைடா இது."

துணையாசிரியைக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அத்தை, இது சினிமாவுல வந்தது. வந்து நாலு வருஷம்தான் ஆகுது."

"யாரு சொன்னா?"

அவள் கைப்பேசியில் அந்தக் காட்சியைத் தேடிப்பிடித்துக் காட்டினாள். மாமியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடைசிவரை பொறுமையாகப் பார்த்தார்.

"நம்ம வீடு மாதிரி ஏதோ ஒரு வீட்டுல கேட்டிருக்கான். கொண்டுபோய்ப் படத்துல போட்டுட்டான்" என்றார்.

கணவன் சிரிப்பை அடக்கமுடியாமல் செய்தித்தாளுக்குள் போய்விட்டான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு வருடத்துக்குள் ஒரு வார்த்தைக்குப் பூர்வீகம் முளைத்துவிட்டது. இன்னும் பத்து வருடம் விட்டால் கல்வெட்டிலேயே இருக்கிறது என்பார்கள். அது எங்கே பிறந்தது என்று யாராவது இப்போதே எழுதிவைக்காவிட்டால்? அடுக்கிய காரணங்களை ஒவ்வொன்றாக அடித்தாள். கொள்கையை அடிக்கும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கியது.

திங்கட்கிழமை கூட்டத்தில், "ஜகுடியைச் சேர்த்துக்கலாம் சார்" என்றாள்.

இடைவேளை சந்தேகத்தோடு பார்த்தார். "என் மேல ஏதாவது கோவமா மேடம்?"

"வார்த்தைக்காக இல்ல. அது பிறந்த கதைக்காக. டைனோசர் மாதிரி மூணு பக்கம் வேண்டாம், பத்து வரி போதும். எந்தப் படம், எந்த வருஷம், இப்போ என்னென்ன அர்த்தத்துல சொல்றாங்க, அவ்வளவுதான். 'இதற்கு முன் வழக்கில் இருந்ததற்குச் சான்று இல்லை'ங்கிற வரி மட்டும் கண்டிப்பா வேணும்."

அவள் எழுதி வந்திருந்த குறிப்பை இடைவேளை வாங்கிப் படித்தார். "பால் அடுப்புல இருக்கறதுக்கும் சொல்வாங்கன்னு போட்டிருக்கீங்களே, அது எங்க கேட்டது?"

"நம்பகமான இடம்" என்றாள் அவள்.

பதிப்பு வந்ததும் ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோனாள். மாமியார் நேராக 'ஜ'வுக்குப் போனார். பாலைப் பற்றிய வரியில் முகம் மலர்ந்தது. கடைசி வரியில் சுருங்கியது.

"இது தப்பா இருக்கே. சான்று இல்லன்னு போட்டிருக்கீங்க?"

"ஆமா அத்தை. ஆதாரம் ஒண்ணும் கிடைக்கல."

"நான் உயிரோடதான இருக்கேன்? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அகராதிகளோடும் பேராசிரியர்களோடும் மல்லுக்கட்டிய துணையாசிரியை, தண்ணீர் குடிக்கும் சாக்கில் உள்ளே நழுவினாள்.

கொஞ்ச நேரத்தில் கூடத்தில் மாமியார் தன் தங்கையோடு தொலைபேசியில் பேசுவது கேட்டது.

"நம்ம வீட்டு வார்த்தை புஸ்தகத்துல வந்திருக்குடி. ஆமா, மருமகதான் போட்டா. நல்ல பொண்ணு. என்ன, கொஞ்சம் விசாரிச்சு எழுதியிருக்கலாம்."