குதிரை டாக்டரின் குரல்

டப்பிங்காரரின் குரல் ஒரு புதன்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு, அவர் வருவதற்கு நாற்பது நிமிஷம் முன்பாகவே, வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கதவைத் தட்டவில்லை, ஜன்னல் திறந்திருந்தது. கூடத்துப் பிரம்பு நாற்காலி ஒருமுறை முனகியது, பிறகு அங்கிருந்து, "இன்னைக்குக் கடையில கூட்டமா?" என்று ஒரு கேள்வி வந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்த அவர் மனைவி பயப்படவில்லை. கல்யாணமாகிப் பதினொரு வருஷமாக அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அதனால் முதலில் பதிலைச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் யாரென்று திரும்பிப் பார்த்தாள். நாற்காலியில் ஒருவரும் இல்லை. அவள் எழுந்து போய் இரண்டு டம்ளர் டீ போட்டாள்.

டப்பிங்காரரிடம் மொத்தம் மூன்று குரல்கள் இருந்தன. ஒன்று, விளம்பரங்களின் கடைசியில் வரும் நிபந்தனைகளைப் படிக்கிற குரல். இருபது செகண்ட் விஷயத்தை ஏழு செகண்டில், ஓர் எழுத்தைக்கூட விழுங்காமல் சொல்லி முடிக்க அந்த நகரத்தில் அவரை விட்டால் ஆளில்லை. இரண்டாவது, லிஃப்டில் மாடி எண் சொல்லும் குரல். அதில் சந்தோஷமும் கிடையாது, துக்கமும் கிடையாது. மூன்றாவதுதான் குதிரை டாக்டர். வெளிநாட்டுத் தொடர் ஒன்றில் உதடு அசையாமல் பேசுகிற ஒரு தடித்த மனிதர் குதிரைகளுக்கு வைத்தியம் பார்ப்பார். அவருக்காக டப்பிங்காரர் தானே ஒரு பேச்சு முறையை உருவாக்கி வைத்திருந்தார். யாராவது கேள்வி கேட்டால் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டுத்தான் பதில் சொல்வார். வாக்கியத்தின் கடைசிச் சொல்லை ஒரு படி கீழே இறக்கி வைப்பார். கோபம் வந்தால் சத்தத்தைக் கூட்டாமல் வேகத்தைக் குறைப்பார். ஆறு வருஷமாக ஊரே அதைக் கேட்டுக் கிறங்கிக் கிடந்தது. ஆனால் தொண்டையை வீட்டில் செலவழிக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலில் ஒரு வழக்கம். ஆகவே வீட்டுக்கு வந்தது மிச்சம் மீதிதான், அதாவது ஏழு செகண்ட் குரல். "சாப்பிட்டியா கேஸ் வந்துச்சா காலைல ஆறுக்கு எழுப்பு" என்பது அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் முடிந்துவிடும். அவள் பதில் சொல்ல வாயெடுக்கும்போது அவர் குளியலறையில் இருப்பார்.

அந்தப் புதன்கிழமையிலிருந்து, ஐந்து மணிக்கு ஒலிப்பதிவு முடிந்ததும் குதிரை டாக்டரின் குரல் கிளம்பி நேராக வீட்டுக்குப் போனது. அவர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார். முதல் நாள் வீட்டுப் படி ஏறும்போது தன் குரலையும் தன் மனைவியின் சிரிப்பையும் சேர்த்துக் கேட்டார். அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். உள்ளே போனால் இரண்டு டம்ளர், ஒன்று காலி, மற்றொன்று ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. அவள் எதையும் ஒளிக்கவில்லை. உங்க குதிரை டாக்டர் வந்திருக்கு என்று நாற்காலியைக் காட்டினாள். அவரை நீங்க வாங்க என்றே பதினொரு வருஷம் பேசியவள், அதை நீ, வா, உட்காரு என்றாள். "ரெண்டு எண்ணிட்டுப் பேசறது நான் கண்டுபிடிச்சது" என்றார். "இருக்கட்டுமே. எனக்குக் கொண்டு வந்து குடுத்தது அதுதானே" என்றாள்.

அவர் சும்மா இருக்கவில்லை. ஜன்னலைச் சாத்தினார்; குரல் சமையலறைத் தண்ணீர்க் குழாய் வழியாக வந்தது. ஐஸ்கட்டியைக் கடித்துத் தின்று தொண்டையைக் கெடுத்துக்கொண்டார். கரகரத்துப் போய் வந்த குரலுக்கு அவள் வெந்நீர் வைத்துக் கொடுத்து, அதிகம் பேசாதே என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அதே கரகரப்போடு அவர் வந்தபோது, இருமல் மருந்து அலமாரியில் இருப்பதாகச் சொன்னாள். கடைசியில், அதை நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போகட்டும் என்று அவளுடைய அண்ணனை வரவழைத்தார். அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டுதான் கூடத்துக்குள் போனார். ஒரு மணி நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "தப்பா நெனைக்காதீங்க மாப்பிள்ளை, அது ரொம்ப நல்ல மனுஷன்" என்றார். அதன் பிறகு அவரும் வாரம் ஒருமுறை வந்துபோனார். மேல்வீட்டுக்காரி தன் மாமியார் தொல்லையைப் பற்றி அதனிடம்தான் யோசனை கேட்டாள். கணக்கெடுக்க வந்த அதிகாரி, வீட்டில் மூன்று பேர் என்று எழுதிக்கொண்டு, மூன்றாமவரின் தொழில் என்ன என்று மட்டும் விசாரித்தார். டப்பிங்காரருக்குத் தூக்கம் போயிற்று. அவள் தன்னை விட்டுப் போய்விடுவாளோ என்ற பயம் இல்லை. இதே வீட்டில் இருந்துகொண்டு, ஒருநாள் தான் வர நேரமானால்கூடக் கவனிக்காமல் இருந்துவிடுவாளோ என்பதுதான் பயம்.

இப்படியே ஒன்றரை வருஷம் போனது. பிறகு தொடர் முடியப்போகிறது, கடைசிப் பாகத்தில் குதிரை டாக்டர் செத்துப்போகிறார் என்று தகவல் வந்தது. டப்பிங்காரர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனார். வழியெல்லாம் பாட்டு முணுமுணுத்தார். கண்ணாடி அறைக்குள் நின்று ஹெட்போனை மாட்டி, திரையில் படுக்கையில் கிடந்த தடித்த மனிதருக்காக வாயைத் திறந்தார். ஏழு செகண்ட் குரல்தான் வந்தது. மூன்று முறை முயன்றார், மூன்று முறையும் டாக்டர் மளமளவென்று செத்துப்போனார். ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து, "சார், இவர் சாகறாரா, பஸ் பிடிக்கப் போறாரா?" என்று கேட்டார்.

டப்பிங்காரர் வீட்டுக்குப் போன் செய்தார். அன்று அவளுக்கு விடுமுறை. குரல் காலையிலிருந்தே அங்கேதான் இருக்கிறது, சாக மாட்டேன் என்று சொல்கிறது, நானும் போகச் சொல்லப் போவதில்லை என்றாள். வேண்டுமானால் நீங்களே கேளுங்கள் என்றாள். அவர் திட்டத்தான் வாயெடுத்தார். ஆனால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. தேடியதில் ஒன்று, இரண்டு என்று நேரம் போயிற்று.

"எனக்கு அது மேல பொறாமையா இருக்கு" என்றார். பிறகு நிறுத்தினார். "நீ சிரிக்கறது எனக்குப் படியிலதான் கேக்குது. உள்ள வந்தா நின்னுடுது."

மறுமுனையில் டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"இப்பப் பேசினது யாரு?" என்று அவள் கேட்டாள்.

"நான்தான்."

அவள் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம், நாற்காலி காலியாகிவிட்டது, அது எழுந்து ஜன்னல் பக்கம் போய் நிற்கிறது, என்னவோ மாதிரி இருக்கிறது என்றாள். அவர் போனை வைத்துவிட்டு மைக் முன்னால் போய் நின்றார். குதிரை டாக்டர் ஒரே டேக்கில் செத்தார். ஒலிப்பதிவாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இன்னொரு டேக் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

அன்று மாலை அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, அதற்கு அப்புறம், கடையில் போன வாரம் உடைந்த லென்ஸ் விவகாரம் என்னாயிற்று என்று கேட்டார். அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு நின்றார். குளியலறைக்கு ஏழு மணிக்குத்தான் போனார். நடுவில் பிரம்பு நாற்காலியிலிருந்து, "டீ ஆறுது எவ்வளவு நேரம் பேசுவீங்க என்னை யாரும் கேக்கலையா" என்று அதே குரல் மூச்சு விடாமல் வந்தது. அதன் வேகத்தைக் கேட்டு டப்பிங்காரரே அசந்துபோனார்.

இப்போதெல்லாம் விளம்பர நிபந்தனைகளைப் படிக்க ஸ்டூடியோவுக்கு அந்தக் குரல்தான் போகிறது. ஆறே செகண்டில் முடிக்கிறதாம்; முடித்ததும் வீட்டுக்கு ஓடி வந்துவிடுகிறது. மேல்வீட்டுக்காரி அதனிடம் யோசனை கேட்பதை நிறுத்திவிட்டாள். அண்ணன் மட்டும் பழைய மரியாதைக்காக வந்து, அதற்குக் குட் ஈவினிங் சொல்லிவிட்டுப் போகிறார். வீட்டில் மூன்று டம்ளர் டீ போடுகிறார்கள். அவள் ஏதாவது கேட்கிறாள், டப்பிங்காரர் ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறார், அந்த இடைவெளிக்குள் நாற்காலியில் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்கிறது. "கொஞ்சம் இரு, அவர் சொல்லட்டும்" என்று அதனிடம் சொல்லிவிட்டு அவள் காத்திருக்கிறாள்.