ஒரு விரல் கூட்டி வைத்த சப்பாத்து

1

"ராஜம்மா, நீதான் தினமும் இங்க நின்னு பார்க்கிற. சொல்லு, இவன் தேறுவானா?"

கேட்டவர் செபஸ்தியன், தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர். காலையில் காய்ச்சலுக்குக் கொய்னா கொடுப்பார். மாலையில் தோட்டத்துப் பந்துக் குழுவை நடத்துவார். இரண்டுக்கும் ஒரே முகம்தான் வைத்திருந்தார். கேட்ட இடம் ஜொகூரில், ரெங்கத்துக்குப் பக்கத்தில் ரப்பர் மரம் வளர்க்கும் ஒரு கித்தாத் தோட்டம், திடல் ஓரத்தில் ஐயாசாமியின் காப்பிக்கடை. கேட்கப்பட்டவள் ஐயாசாமியின் மகள், கடையில் கிளாஸ் கழுவுகிறவள். அவள் கழுவி வைத்த கிளாஸை எடுத்து மறுபடியும் கழுவினாள். டிரசரும் பதிலை எதிர்பார்க்கவில்லை. காப்பி ஆறும்வரை யாரிடமாவது எதையாவது கேட்க வேண்டுமே என்று கேட்டார்.

இந்தக் கதை அந்தக் கேள்வியிலிருந்து வந்தது. பதில் வரக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

(‘நான்’ என்று வரவேண்டிய இடங்களில் இங்கே ‘எழுதுகிறவள்’ என்று வரும். ‘நான்’ என்று எழுதிப் பார்த்தாயிற்று. முதுகுக்குப் பின்னால் யாரோ நின்று படிப்பதுபோல் இருந்தது. அடித்துவிட்டாள்.)

2

முதலில் எழுதிய ஆரம்பம்:

கீழ்வானம் சிவக்க, கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி —

நிறுத்தியாயிற்று. கித்தாத் தோட்டத்தில் கீழ்வானம் தெரியாது. ஒரு மரம் தெரியும். அதற்குப் பின்னால் இன்னொரு மரம் தெரியும்.

இரண்டாவது ஆரம்பம்:

வேலு என்னும் இளஞ்சிங்கம் திடலில் பாய்ந்தபோது எதிரிகள் —

சிங்கம் என்று எழுதி முடிப்பதற்குள் நிஜமான வேலு நினைவுக்கு வந்துவிட்டான். மூக்கு ஒழுகினால் சட்டைத் தோளில் துடைத்துக்கொள்கிற வேலு.

மூன்றாவது:

வேலுவுக்கு இடது கால் நன்றாக வரும்.

இதில் பொய் எதுவும் இல்லை. இதையே வைத்துக்கொள்ளலாம்.*

* இந்தக் கதை ஒரு குட்டைப் பென்சிலால் எழுதப்படுகிறது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டபோது கையில் மிஞ்சியது. இதைவிட நல்ல பென்சில் ஒன்று இருந்தது. அது என்ன ஆயிற்று என்பது கடைசியில் வரும். கதையில் எதிர்பார்க்கும்படியாக வேறு எதுவும் இல்லை என்று யாராவது சொன்னால், இது இருக்கிறது.

3

வேலுவுக்கு இடது கால் நன்றாக வரும். வலது கால் நிற்பதற்கு மட்டும்.

தோட்டத்துத் துரையிடம் ஒரு வழக்கம் இருந்தது. குழுவில் பத்துப் பேர் ஏற்கெனவே தேறியவர்கள். பதினோராவது இடம் ஒவ்வொரு வருசமும் ஒரு புதுப்பையனுக்கு. அந்த வருசம் முழுவதும் அவனுக்கு மரம் வெட்டும் வேலை, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் வேலை, கிடையாது. ஸ்டோரில் உட்கார்ந்து சாக்கு மடிப்பான், மாலையில் பந்தாடுவான், அதற்கே சம்பளம். கோப்பை இறுதி ஆட்டத்துக்குள் வெளிக்குழு ஏதாவது அவனைக் கேட்டால் போய்விடலாம். கேட்காவிட்டால் மறுநாள் விடியுமுன் மற்றவர்களோடு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வரிசையாக நின்று, மரம் வெட்டும் உளியைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

இதுவரை எந்தப் புதுப்பையனையும் யாரும் கேட்டதில்லை. போன வருசத்துப் பையன் காளியப்பன். இப்போது பால் ஏற்றும் மாட்டுவண்டி ஓட்டுகிறான்.

இங்கே கதையை விட்டு ஒரு விஷயம். புதுப்பையனைப் பற்றிப் பேசும்போது, இன்றைக்கு அவன் என்ன ஆடினான் என்று தோட்டத்தில் யாரும் சொல்வதில்லை. "அடுத்த வருசம் பாரு" என்பார்கள். அடுத்த வருசம் வந்ததும் வேறொரு பையனைக் காட்டி அதையே சொல்வார்கள். அதற்குள் முதல் பையன் மாட்டை அதட்டப் பழகியிருப்பான். எல்லாரும் அன்பாகத்தான் சொல்கிறார்கள். அதில் சந்தேகம் இல்லை.

வேலுவின் வருசத்தில் ஒரு மாற்றம் வந்தது. ஜொகூர் பாருவில் ஒரு பெரிய குழு. (பெயர் வேண்டாம்.) அதில் சேர்ந்தால் ஓர் ஆபிசில் நாற்காலி கிடைக்கும். நாலு மணிவரை நாற்காலியில் இருக்க வேண்டும், பிறகு பந்து. அந்தக் குழுவுக்கு ஆள் பார்க்கிறவர் தெப்ராவில் இருந்தார். இறுதி ஆட்டம் பார்க்க ரயிலேறி வருவதாகச் சொல்லியனுப்பினார். கூடவே ஒரு நிபந்தனை. அதை டிரசர் கடை பெஞ்சில் உட்கார்ந்து அறிவித்தார்.

"வெறுங்கால் ஆட்டம் அங்க கிடையாதாம். சப்பாத்து போட்டு ஆடத் தெரிஞ்சவனாத்தான் வேணுமாம்."

"வேலுவுக்கு ஏது சப்பாத்து?" என்றார் ஐயாசாமி.

"வாங்குவோம் லா."

வேலு அப்போது கடைக்கு வெளியே குந்தியிருந்தான். தன் கால்களைப் பார்த்தான். முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தான் என்று — வேண்டாம். சும்மா பார்த்தான்.

(வேலுவிடம் எழுதுகிறவளுக்கு ஒரு சங்கடம் உண்டு. அவன் பேசுவது குறைவு. பேசாத ஆளைக் கதையில் வைத்துக்கொள்வது கஷ்டம். அவன் வாயில் நல்ல வார்த்தை சிலவற்றைப் போட்டுப் பார்த்தாள். கடன் வாங்கிய சட்டை மாதிரி தொங்கியது.)

4

சப்பாத்துக்கு அளவு எடுத்தது வேலுவின் அம்மா கிருஷ்ணம்மா. வெல்லம் சுற்றி வந்த தாளில் மகனை நிற்க வைத்து, அடுப்புக்கரியால் காலைச் சுற்றிக் கோடு போட்டாள். தோட்டத்தில் பிள்ளைகளுக்கு எது வாங்கினாலும் பெரிதாகத்தான் வாங்குவார்கள். தீபாவளிச் சட்டை பொங்கலுக்குத்தான் சரியாக இருக்கும், அதுவும் அடுத்த வருசப் பொங்கலுக்கு. ஆகவே கிருஷ்ணம்மா காலிலிருந்து ஒரு விரல் தள்ளியே கோடு போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. இதையெல்லாம் சொல்லிக்கொண்டா செய்வார்கள்.

தாள் டிரசரிடம் போனது. ஆஸ்பத்திரிக் கத்தரியால் வெட்டினார். கோட்டுக்கு வெளியே ஒரு விரல் விட்டு வெட்டினார். வளர்கிற பிள்ளை. அவரும் சொல்லவில்லை.

பிறகு குளுவாங்கில் சீனர் ஒருவரின் சப்பாத்துக்கடை. திரும்பி வந்து டிரசர் சொன்னார்:

"வயசு என்னன்னு கேட்டான். பதினெட்டுன்னேன். சரி சரின்னு தலையாட்டினான். நல்ல மனுசன்."

சப்பாத்து ஆட்டத்துக்கு முந்திய நாள் வந்தது. கறுப்புத் தோல், அடியில் தோல் குமிழ்கள், கணுக்கால்வரை கயிறு. வேலு கையை நீட்டினான். கிருஷ்ணம்மா தரவில்லை. புதுச்சாமான் எதுவானாலும் முதலில் மாரியம்மன் காலடியில் ஓர் இரவு இருக்க வேண்டும். இருந்தது. காலையில் குங்குமத்தோடு வந்தது. போட்டுப் பார்க்க நேரமில்லாமல் போனதற்கு அதுதான் காரணம்.

போட்டபோது உள்ளே இன்னொரு வேலுவுக்கு இடமிருந்தது.

இலவம்பஞ்சை அடைத்தார்கள்.

(எழுதுகிறவளும் தன் பங்குக்கு ஒரு விரல் கூட்டியிருந்தாள். இதற்கு முந்தைய எழுத்தில் வேலு பந்தை அடித்தால் அது திடலைத் தாண்டி, சாலையைத் தாண்டி, கித்தாக் காட்டுக்குள் விழும். நிஜத்தில் சாலைவரை போனதில்லை. இப்போது அந்தப் பகுதியை எடுத்துவிட்டாள்.)

5

எதிர்க் குழு பாலோ ஊர்ப் பக்கத்துத் தோட்டம். தெப்ராவ்க்காரர் கோல் கம்பத்துக்குப் பின்னால், குடையைத் தரையில் ஊன்றி நின்றார். வெயில்தான், ஆனால் குடையை விரிக்கவில்லை. அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை என்பதைத் தோட்டம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது.

வேலு ஓடினான். கால் முதலில் போய்ச் சேர்ந்தது. சப்பாத்து பிறகு வந்தது. திரும்ப நினைத்தால் கால் உள்ளேயே திரும்பியது, சப்பாத்து பழைய திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பந்து வந்தபோது தன் காலைத் தானே மிதித்து விழுந்தான்.

"டேய் வேலு," என்று காளியப்பன் ஓரத்திலிருந்து கூப்பிட்டான், "நீ முன்னால போ. சப்பாத்த நான் வண்டியில ஏத்தியாறேன்."

சனம் சிரித்தது. தெப்ராவ்க்காரர் சிரிக்கவில்லை.

இடைவேளை வந்தபோது கோல் எதுவும் இல்லை. டிரசர் வேலுவின் முன்னால் குந்தினார்.

"கழட்டிரு லா. வெறுங்கால்ல ஆடு."

"அவரு சப்பாத்துக் காலப் பார்க்கத்தான ஐயா வந்திருக்காரு."

"சப்பாத்தத்தான் பார்க்கிறாரு. கால் எங்க இருக்குன்னு எனக்கே தெரியல."

கிருஷ்ணம்மா தண்ணீரோடு வந்தவள் அதைக் கேட்டுவிட்டாள். "கழட்டாத. அம்மன் காலடியில இருந்து எடுத்தது. கழட்டினா நாளைக்கு உளியத்தான் பிடிக்கணும்."

"கழட்டாட்டியும் உளிதாம்மா," என்றான் வேலு.

இந்தக் கதையில் அவன் பேசிய நீளமான பேச்சு இவ்வளவுதான். எழுதுகிறவள் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

மறுபாதியில் இடது சப்பாத்து பறந்தது. பந்தை அடித்தான், பந்து நகரவில்லை, சப்பாத்து பஞ்சைச் சிந்திக்கொண்டே கோலைத் தாண்டிப் போய்த் தெப்ராவ்க்காரரின் குடையருகே விழுந்தது. "கோல்," என்றான் காளியப்பன். வேலு அதை எடுக்கப் போகவில்லை. வலது சப்பாத்தைக் கழற்றவும் இல்லை. ஒரு காலில் அம்மன், ஒரு காலில் ஒன்றுமில்லை, இப்படியே மிச்ச ஆட்டத்தை நொண்டினான். நடுவரும் ஊதவில்லை. ஒரு கால் சப்பாத்தோடு ஆடக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை என்று டிரசர் பிறகு சொன்னார். அவர் சட்டத்தைப் படித்ததில்லை.

முடியப்போகும் நேரத்தில் பந்து அவனிடம் வந்தது. வலது காலில் நின்றான். நிற்பதற்குத்தான் அந்தக் கால். சப்பாத்தின் கனம் அன்று முதல்முறையாக உதவியது, நட்ட கம்புபோல் நின்றது. வெறும் இடது காலால் அடித்தான். பந்து கோல் காக்கிறவனின் —

கோல்.

(இங்கே அரைப்பக்கம் எழுதி எடுத்தாயிற்று. கோல் என்றால் கோல்.)

ரெங்கம் ஜெயித்தது. கோப்பையைத் துரை தூக்கிக் காட்டினார். காளியப்பன் வேலுவின் முதுகில் தட்டினான்.

"இடது கால் தேறிருச்சுடா. வலது கால் அடுத்த வருசம்."

6

இனி முடிவு. கையில் மூன்று இருக்கின்றன.

அ) தெப்ராவ்க்காரர் வேலுவை அழைத்துப்போகிறார். ஜொகூர் பாருவில் நாற்காலி கிடைக்கிறது. கிருஷ்ணம்மா நாற்காலிக்கு ஒரு மெத்தை தைத்து அனுப்புகிறாள், ஒரு விரல் பெரிதாக.

ஆ) வேலு உளியை வாங்கிக்கொள்கிறான். வருசங்கள் போக, கால் வளர்ந்து சப்பாத்து சரியாகிறது. அதைப் போட்டுக்கொண்டு மரம் வெட்டுகிறான். அட்டை கடிப்பதில்லை.

இ) வேலு ஒரு நாள் காப்பிக்கடைக்கு வந்து, கிளாஸ் கழுவுகிறவளிடம் —

மூன்றாவது வேண்டாம்.

வாசகர் எதையும் எடுத்துக்கொள்ளலாம். எழுதுகிறவளால் எடுக்க முடியவில்லை. இதை எழுதும்போது ஆட்டம் நடந்த வாரமே இன்னும் முடியவில்லை. வேலு பெரட்டில் நிற்கிறான். உளியைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். ரயில் சத்தம் கேட்டால் தலையைத் திருப்புகிறான் என்று காளியப்பன் சொல்கிறான். அவளுக்குத் தெரிந்தது இனி வருவது மட்டும்தான்.

7

ஆட்டம் முடிந்ததும் தெப்ராவ்க்காரர் கடைக்கு வந்தார். ஒரு கையில் குடை, மறு கையில் பறந்து வந்த சப்பாத்து. காப்பியை நின்றுகொண்டே குடித்தார். வேலு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கிருஷ்ணம்மாவும் டிரசரும் அவனுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள்.

அவர் குனிந்து, வேலுவின் இடது பாதத்தைச் சப்பாத்துக்குள் விட்டார். பின்பக்கத்து இடைவெளியில் மூன்று விரல்களை விட்டுப் பார்த்தார். மூன்றும் தாராளமாகப் போயின.

"யாரு அளவெடுத்தது?"

"நாந்தான்," என்றாள் கிருஷ்ணம்மா.

"நானும்," என்றார் டிரசர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் அவர்களுக்கு விளங்கியது.

"வளர்ற பிள்ளைங்க," என்றாள் கிருஷ்ணம்மா, மெதுவாக.

"எவ்வளவு வளருவான்?"

அவர் சீனி கட்டும் தாள் ஒன்றை மேசையிலிருந்து எடுத்துத் தரையில் விரித்தார். எழுதுகோல் கேட்கிற மாதிரி விரல்களை அசைத்தார்.

"பென்சிலா? இந்தக் கடையில ஏதுங்க பென்சில்," என்றார் ஐயாசாமி.

அவருடைய மகள் கொண்டைக்குள் கையை விட்டு ஒரு பென்சிலை எடுத்து நீட்டினாள். நீளமான, நன்றாகச் சீவிய பென்சில். ஐயாசாமி பென்சிலைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். அவள் ஒரு கிளாஸைக் கழுவத் தொடங்கினாள்.

தெப்ராவ்க்காரர் வேலுவைத் தாளின் மேல் நிற்கச் சொல்லிச் சைகை காட்டினார். பென்சிலை நேராக, தோலோடு ஒட்டிப் பிடித்துக் கோடு போட்டார். குதிகாலைச் சுற்றி வந்தபோது வேலுவுக்குக் கூசியது. காலை இழுக்கப் பார்த்தான். அவர் கணுக்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ஒவ்வொரு விரலுக்கும் இடையில் புகுந்து வந்தார். கிருஷ்ணம்மா ஒருமுறை வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டாள்.

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பென்சிலையும் அதோடு வைத்துக்கொண்டார். குடையை எடுத்தார். எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்க, திடலைக் குறுக்காகக் கடந்து, ஒரு வார்த்தையும் சொல்லாமல் ரயிலடிப் பக்கம் நடந்து போனார்.