பார்வையாளர் வரிசை

பெரிய திரையில் சிவப்புப் புள்ளி எரிந்ததும் மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். காலையிலிருந்து புது மென்பொருளைப் பொருத்திக்கொண்டிருந்த இன்ஜினியர், தான் கொண்டுவந்த சரக்கு வேலை செய்கிறது என்ற நிம்மதியில் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த அவன் மட்டும் அசையாமல் திரையையே பார்த்தான். கம்பெனி குவார்ட்டர்ஸின் வரைபடத்தில், சி கட்டடத்தின் மேல்தளத்தில், மாடிப்படியை ஒட்டிய மூலையில் எரிந்துகொண்டிருந்தது புள்ளி. திரையில் வீட்டு எண் வராது. நீளமான ஒரு குறியீடுதான் வரும். அது யார் வீடு என்று தேடிச் சொல்வது அவன் வேலை. இதைத் தேட வேண்டியதில்லை. அது அவன் வீடு.

ஊரை விட்டுக் கடல் தாண்டி வந்து, அந்தக் கம்பெனியின் இணைய இணைப்புகளைக் கவனித்துக்கொள்ளும் பிரிவில் அவன் சேர்ந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அலுவலகத்துக்கும் குவார்ட்டர்ஸுக்கும் ஒரே இணைப்புதான். அதில் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்பதற்குக் கம்பெனியின் விதிகள் உண்டு. இருக்கிற ஊரை மறைத்து வேறு ஊரில் இருப்பதுபோல் காட்டுகிற வி.பி.என். அந்த விதிகளில் தலையாய குற்றம். நாட்டுச் சட்டத்துக்கும் அது ஆகாது என்பதால் கம்பெனி அதில் இரக்கம் காட்டுவதில்லை. குவார்ட்டர்ஸில் இருந்த நம்மவர்கள் அவனுக்கு 'வாட்ச்மேன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேரே சிரித்துக்கொண்டு சொல்வார்கள். போன வருடம் மூன்றாம் மாடி வெல்டர் வி.பி.என். போட்டு ஊர்க் கிரிக்கெட் பார்த்து மாட்டிய பிறகு, அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. மேலே தகவல் அனுப்பியவன் இவன்தான். வேலை போய், வெல்டரின் குடும்பம் அட்டைப் பெட்டிகளோடு லிஃப்டில் ஏறி இறங்கிய அன்றைக்கு இவன் மனைவி கதவைத் திறக்கவே இல்லை. அதற்குப் பிறகு அவள் துணி உலர்த்தப் போனால், மற்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு வெயிலைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

போன வாரம் ஊரிலிருந்து மனைவியின் பள்ளித்தோழி போன் செய்தாள். மாமனாருக்குக் கண் ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது அங்கே மாட்டியிருந்த டிவியில் ஒரு நிகழ்ச்சி ஓடியிருக்கிறது. குடும்பம் குடும்பமாக வந்து விளையாடிப் பரிசு வாங்கும் போட்டி. பார்வையாளர்களைக் காட்டும்போது ஒருவன் சிரித்துக்கொண்டு கைதட்டினான், அப்படியே உன் தம்பி மாதிரி இருந்தான், நான் போனை எடுப்பதற்குள் மாற்றிவிட்டார்கள் என்றாள் தோழி. அவனாக இருக்காது, ஆனாலும் சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை என்றும் சொன்னாளாம்.

மைத்துனனை அவன் பார்த்ததே இல்லை. கல்யாணத்துக்கு முன்பே, அப்பாவோடு ஏதோ வாக்குவாதம் முற்றி, போட்டிருந்த சட்டையோடு வீட்டைவிட்டுப் போனவன். அப்பா செத்ததற்கும் வரவில்லை. ஆனால் பார்க்காத அந்த ஆள்தான் இவர்கள் வாழ்க்கையில் எல்லா விசேஷத்துக்கும் முதல் ஆளாக வந்து நின்றான். குழந்தைக்குப் பெயர் வைத்தபோது தாய்மாமன் இல்லை என்று மாமியார் அழுதார். ஊர் வீட்டை விற்கலாம் என்றால், அவன் திரும்பி வந்து எங்கே தேடுவான் என்றார். செத்துப்போனான் என்று சேதி வந்திருந்தாலாவது எல்லாரும் ஒருதடவை அழுதுவிட்டு எழுந்திருப்பார்களே என்று அவன் ஒருமுறை நினைத்திருக்கிறான். நினைத்த மாத்திரத்தில் மனைவி திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது, அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மாமியாரிடம் இதைச் சொல்ல முடியாது. முன்பும் யாரோ பார்த்தேன் என்று சொல்லி, வேறொரு ஊர் பஸ் ஸ்டாண்டுக்குத் தனியாகப் போனவர் அவர். அங்கே முன்பின் தெரியாத ஒருவனின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்று நின்றார். கூட்டம் கூடிவிட்டது. அந்த ஆள் பாவம், பயந்துபோய் அழுதிருக்கிறான். திரும்பி வந்தபிறகு மாமியார் வெகுநாள் யாரோடும் பேசவில்லை. அதனால் இம்முறை நானே கண்ணால் பார்த்தால்தான் அம்மாவிடம் வாயைத் திறப்பேன் என்றாள் மனைவி. அந்த நிகழ்ச்சி சேனலின் ஆப்பில் இருந்தது. திறந்தால், உங்கள் பகுதியில் இது கிடைக்காது என்று ஒரு வரி மட்டும் வந்தது.

வி.பி.என். போட்டுத் தர முடியுமா என்று அவள் அவனிடம்தான் முதலில் கேட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தலையை நிமிர்த்தாமல், முடியாது என்றான். வேறு யாராவது பார்த்துச் சொல்லட்டுமே என்றான். நான் பார்க்கிற மாதிரி யார் பார்ப்பார்கள் என்று அவள் கேட்டாள். வேலை போனால் என்னவாகும், பிள்ளையின் படிப்பு என்னவாகும் என்று அவன் குரலை உயர்த்தினான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவன் அதோடு முடிந்தது என்று நம்பினான். நம்புவது வசதியாக இருந்தது.

கீழ்வீட்டு நர்ஸக்கா உதவியிருக்கிறாள் என்பது பின்னால்தான் தெரிந்தது. வாட்ச்மேன் பெண்டாட்டிக்கு இதையெல்லாம் சொல்லித்தருவதா என்று முதலில் மழுப்பியவள், விஷயத்தைக் கேட்டதும் தானே போனை வாங்கி வி.பி.என். போட்டுக் கொடுத்திருக்கிறாள். கம்பெனி வைஃபையில் மட்டும் பார்த்துவிடாதே, போன் டேட்டாவில் பார் என்று படித்துப் படித்துச் சொல்லியும் இருக்கிறாள். ஆனால் மேல்தளத்தில் சிக்னல் நிற்பதில்லை. படம் கட்டம் கட்டமாக உடைந்து, முகங்கள் எல்லாம் மெழுகாக உருகி நின்றுவிடும். சளைக்காமல் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றெல்லாம் முயன்றுவிட்டுத்தான், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அவள் வீட்டு வைஃபையைத் தொட்டிருக்கிறாள்.

திரையில் எரிந்த புள்ளியைக் காட்டி, யார் வீடு என்று மேனேஜர் கேட்டார். அவன் வலையமைப்புப் பட்டியலைத் திறப்பதுபோல் எதையோ திறந்து மூடினான். தெரியவில்லை என்று சொல்லலாம். இன்ஜினியர் அடுத்த நொடியில் கண்டுபிடித்துவிடுவார். வேறு வீட்டைச் சொல்லலாம். அந்த எண்ணம் வந்ததும் வெல்டரின் அட்டைப் பெட்டிகள் ஞாபகத்துக்கு வந்தன. தன் குரலைத் தானே வேறு யாருடையதோ போலக் கேட்டுக்கொண்டு, அது என் வீடுதான் சார் என்றான். புது மென்பொருள் பிடிக்கிறதா என்று பார்க்கத்தான், வீட்டில் ஒரு வி.பி.என். போட்டு ஓடவிடச் சொல்லியிருந்தேன், உங்களிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்றான்.

மேனேஜர் அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு சிரித்தார். நல்ல யோசனை, இப்போது அதை நிறுத்தச் சொல், புள்ளி அணைகிறதா பார்ப்போம் என்றார். சொல்லிவிட்டு மேஜை விளிம்பில் சாய்ந்து, அவன் போனை எடுப்பதற்காகக் காத்து நின்றார்.

வீட்டு லேண்ட்லைனுக்கு அழைத்தான். முதல் தடவை மணி முழுக்க அடித்து நின்றது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை எடுத்தாள். பின்னால் கூட்டத்தின் இரைச்சலும் யாரோ மைக்கில் எண்ணுவதும் கேட்டன.

"அத ஆஃப் பண்ணு," என்றான். மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவன் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டான்.

எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்கவில்லை. "என்னங்க, கொஞ்சம் இருங்க. இப்பதான் ஜனங்கள காட்ட ஆரம்பிச்சிருக்கான்."

"மேனேஜர் என் பக்கத்துலயே நிக்கிறாரு. நம்ம வீடு இங்க பெரிய திரையில எரியுது."

மிகத் தணிந்த குரலில், "மறுபடி போட முடியாதுல்ல?" என்றாள்.

"முடியாது."

அவள் கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் ஒருவேளை அவன் அதட்டியிருப்பான். சரி என்று சொல்ல அவள் மூச்சு இழுத்தது கேட்டது. அந்த மூச்சிலேயே, அவள் தன் சொல்லுக்குக் கட்டுப்பட்டு இப்போது அணைத்துவிடுவாள் என்பதும், அணைத்தபிறகு இந்த ஜென்மத்துக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள் என்பதும் அவனுக்குப் புரிந்தது. அவன் மேனேஜரைப் பார்த்து, இவளுக்கு இதெல்லாம் பழக்கமில்லை, பொத்தான் எங்கே என்று கேட்கிறாள் என்று ஆங்கிலத்தில் சொல்லிப் புன்னகைத்தான். மேனேஜரும் புன்னகைத்தார், தன் வீட்டிலும் அப்படித்தான் என்றார்.

அவன் போனை வாய்க்கு அருகில் கொண்டுபோய், ஒன்றும் தெரியாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற நிதானமான, சற்றே சலித்த குரலில் பேசினான்.

"அவசரப்படாத. பாரு. மேல பாரு, கீழ பாரு, ஒவ்வொண்ணா பாரு. நான் இங்க பேசிக்கிட்டே இருக்கேன். நீ பாத்துக்கிட்டே இரு."

அவன் வலது பக்கம் என்றான், இடது பக்கம் என்றான், கிடைத்ததா என்றான். இன்ஜினியர் தன் மடிக்கணினியில் குனிந்திருந்தார். சிவப்புப் புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. மேனேஜரின் புன்னகை மெல்ல வடிவதை அவன் பார்த்தான். அவர் ஒரு விரலால் மேஜையைத் தட்டத் தொடங்கினார். போனில் திடீரென்று பெரிய கைதட்டல் எழுந்தது. அதற்கு நடுவே அவளிடமிருந்து ஒரு சின்னச் சத்தம். பிறகு எல்லாச் சத்தமும் ஒரேயடியாக நின்றது.

திரையில் புள்ளி அணைந்தது. பிரமாதம் என்றார் மேனேஜர். இன்ஜினியரின் கையைக் குலுக்கினார். இவன் தோளில் தட்டிவிட்டு, இந்தச் சோதனையையும் சேர்த்து, இந்த வாரம் முழுக்க உள்ள பதிவுகளை நாளைக் காலையில் தன் மேஜைக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

கதவு மூடும்வரை இன்ஜினியர் தலை நிமிரவில்லை. வயர்களைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். காலையிலிருந்து ஆங்கிலத்தில் மட்டும் பேசியவர் அவர். பெயரை வைத்து வேறு மொழிக்காரர் என்று இவன் முடிவு கட்டியிருந்தான்.

"வீட்டுல பாத்துட்டாங்களா சார்?" என்றார்.

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். தெரியல என்றான்.

இன்ஜினியர் பை ஜிப்பை இழுத்தார். "நான் எதையும் கேக்கல. ஆனா நேத்தும் ரெண்டு வாட்டி அதே வீட்டுலேர்ந்து வி.பி.என். போயிருக்கு. பழைய பதிவும் இதுல ஏறிடும். நேத்து இந்த மென்பொருளே இங்க இல்ல சார், எத சோதிச்சீங்கன்னு கேப்பாரு. அத அழிக்க எனக்கு வழி இல்ல." சற்று நின்று, "மன்னிச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தபோது பிள்ளை வரவேற்பறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது. மனைவி படுக்கையறையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அழுத முகமாக இல்லை. முகம் கழுவி, தலை வாரியிருந்தாள். அவன் சட்டையைக் கழற்றாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். நாளைக் காலையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் வேறொன்றைக் கேட்டான்.

"அவனா?"

தலையசைத்தாள். கொஞ்சம் சதை போட்டிருக்கிறான், முன்நெற்றி ஏறிவிட்டது என்றாள். பல் தெத்து என்று சிரிக்கும்போது கையால் மறைத்துக்கொள்வான், இப்போது மறைக்கவில்லை என்றாள். பக்கத்தில் ஒரு பெண். அவள் மடியில் ஒரு பெண்குழந்தை. அம்மாவின் சின்ன வயதுப் போட்டோவில் இருக்கிற அதே நெற்றி.

"ஊரே பாக்குற டிவியில உக்காந்து கைதட்டுறான்ங்க. ஒளிஞ்சிருக்கிறவன் அப்படி உக்காருவானா? நாங்க தேடுறோம்னே அவனுக்குத் தோணல போல."

அம்மாவிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்க அவனுக்குத் தோன்றியது. போன் மெத்தையில் கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்து அதை விட்டுவிட்டான்.

"என்னன்னு சொல்றது?" என்று அவளே கேட்டாள். "உயிரோட இருக்கான்னு சொன்னா, ஏன் வரலன்னு கேப்பாங்க." பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "நேத்தும் போட்டுப் பாத்தேன். அப்ப ஓடல. உங்களுக்குப் பிரச்சின ஆகுமா?"

"நேத்து போட்டது தெரியும்," என்றான் அவன். அவள் கேட்டதற்கு அது பதிலில்லை என்று இருவருக்கும் தெரிந்தது. வரவேற்பறையில் பிள்ளை ஏதோ ஒரு வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்து, தப்பாகி, முதலிலிருந்து தொடங்கியது.

அவள் போனை எடுத்தாள். அணைப்பதற்கு முன் படம் எடுத்து வைத்தேன் என்று நீட்டினாள். அந்த மாதிரி ஆப்களில் திரையைப் படமெடுக்க விடமாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியும். வெறும் கறுப்பாகத்தான் விழும். விழுந்திருந்தது. மேல் விளிம்பில் மணியும் பேட்டரியும் மட்டும் வெள்ளையாகத் தெரிய, மிச்சமெல்லாம் மை பூசியதுபோல் இருந்தது. அவள் அடுத்ததற்குத் தள்ளினாள், அதற்கும் அடுத்ததற்கு. ஒன்று விடாமல் கறுப்பு.

ஒரு படத்தில் நிறுத்தினாள். எது எதிலிருந்து வேறு என்று அவனுக்குத் தெரியவில்லை, அவளுக்குத் தெரிந்தது. போனை இருவருக்கும் நடுவில் வைத்து, கறுப்பின் மேல் விரலை வைத்தாள்.

"இதுலதான். இங்க, இந்த ஓரத்துல. இது அவன் தோளு. இது அந்தப் பொண்ணு, பச்சப் புடவ." விரல் கொஞ்சம் கீழே நகர்ந்து, மிகச் சின்னதாக ஒரு வட்டம் போட்டது. "இது குழந்த. தூக்கக் கலக்கத்துல இருந்துச்சு."

அவன் குனிந்து பார்த்தான்.